கல்திட்டையில் கிடக்கும் பல்லைத் தூக்கி எறியாதீர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரம் மலைமேல் கல்திட்டைகளை, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகக் கல்பலகைகளால் கட்டிய ஈமச்சின்னங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: இங்கே அடக்கமானவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? இதற்கு ஆளுக்கொரு பதில் எழுதுகிறார்கள், பெரும்பாலும் அவரவர் சாதிப் பெயரோடு. பல்லில் சாதி தெரியாது. ஆனால் அந்த ஆள் எந்த மாதிரி மண்ணில் வளர்ந்தார் என்பது தெரியும்.

பாறையில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் உண்டு. அதன் 87, 86 ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்) விகிதம் பாறைக்குப் பாறை மாறும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நைஸ் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. அவ்வளவு காலமாக பாறையிலுள்ள ருபீடியம் என்ற தனிமம் சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 சேர்ந்துகொண்டே வந்ததால் இங்கே விகிதம் பொதுவாக அதிகம். தக்காணத்து எரிமலைப் பாறையில் குறைவு. இந்த ஸ்ட்ரான்சியம் மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து குழந்தையின் பல்லுக்கும் போகிறது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் மேலுறையான எனாமல் சிறுவயதில் உருவானதோடு சரி, அப்புறம் மாறாது. ஹரப்பாவில் புதைக்கப்பட்டவர்களில் பலர் வேறு இடத்தில் வளர்ந்து வந்தவர்கள் என்று இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பல் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர் அளவும் வேண்டும். டென்மார்க்கில் எக்ட்வெட் என்ற ஊரில் 1921இல் கிடைத்தது சுமார் 3,400 ஆண்டுக்கு முந்தைய ஓர் இளம்பெண்ணின் சவப்பெட்டி. அவள் ஜெர்மனியின் தென்பகுதியில் வளர்ந்திருக்கலாம் என்று 2015இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2019இல் வேறு இருவர் மறுத்தார்கள்: வயலில் கொட்டும் சுண்ணாம்பு அந்தப் பக்கத்து நீரின் விகிதத்தையே மாற்றிவிட்டது, சுண்ணாம்பு படாத இடத்து நீரோடு ஒப்பிட்டால் அவள் உள்ளூர்ப் பெண்ணாகவே இருக்கலாம் என்று.

இதைப் படித்ததிலிருந்து நம் மாந்தோப்புகளையும் தக்காளித் தோட்டங்களையும் நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எத்தனை வருடமாக உரம் கொட்டுகிறோம்! போதாததற்குக் குவாரித் தூள். அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் உரம் படாத மண் மிச்சமிருக்கும்போதே செடியும் நத்தை ஓடும் சேகரித்து அளந்து வைக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளின் புவியியல் மாணவர்களே சேகரிக்கலாம். இங்கிருந்து பெங்களூரைத் தாண்டியும் பழைய பாறைதான் என்பதால் பக்கத்து ஊர்க்காரரை ஸ்ட்ரான்சியம் மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். குடித்த தண்ணீரைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதையல் இருக்கும் என்று ஈமக்குழிகளைத் தோண்டுகிறவர்கள் பானையை உடைத்து, பல்லை வீசிவிட்டுப் போகிறார்கள். எலும்பு மக்கிவிடும் மண்ணிலும் எனாமல் பல நேரம் தப்பியிருக்கும். உங்கள் காட்டில் அப்படி ஏதாவது தென்பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.