அக்காவின் தலைமாட்டில் இருந்த டப்பா

மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பெரியம்மா மகள். தலைமாட்டில், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பெரிய வெள்ளை டப்பா ஒன்று இருந்தது. மேலே தக்காளி, கேரட், திராட்சைப் படம். உள்ளே ஆரஞ்சு நிற கேப்சூல்கள். "ஆன்டிஆக்ஸிடன்ட்டாம், கேன்சர் திரும்ப வராதாம். சொந்தக்காரங்க வாங்கிக் கொடுத்தாங்க" என்றாள். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "காய்கறிச் சத்துதானே, இதைப் போய் எதுக்குச் சொல்லணும்?"

அந்த "காய்கறிச் சத்துதானே" மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால், செல்லைச் சிதைக்கிற ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகளை அடக்குகிற பொருள்.

காய்கறியில் பலன் உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 2012இல் எட்டு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கரோட்டினாய்டு (கேரட், தக்காளி, கீரையில் இருக்கிற, ஆன்டிஆக்ஸிடன்ட் வகை நிறப்பொருள்கள்) மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 19 சதவீதம் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு 20 ஆய்வுகள், கிட்டத்தட்ட 10 லட்சம் பெண்கள். காய்கறி நிறைய சாப்பிட்டவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்தப் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற, செல்லில் உள்ள புரதம்) இல்லாத வகைப் புற்றுநோய் சுமார் 18 சதவீதம் குறைவு. ஆனால் அதிகம் பேருக்கு வருவது ஏற்பி உள்ள வகை. அதில் வித்தியாசமே தெரியவில்லை. தவிர, காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நடக்கிறார்கள், எடையைப் பார்த்துக்கொள்கிறார்கள், குடிப்பதும் குறைவு. எது எதனால் என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை.

சரி, கேரட் நல்லது என்றால் அதன் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து, பாதிப் பேருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கிற கரோட்டினாய்டு) கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,000 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் இது 28 சதவீதம். 1996இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அது நுரையீரல், அவர்கள் புகைபிடித்தவர்கள் என்று சொல்வீர்கள். நியாயம்தான். மார்பகத்துக்கே வருவோம். சுமார் 40,000 பெண்களில் பாதிப் பேருக்குப் பத்து வருடம் இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டான வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவில், மார்பகப் புற்றுநோய் ஒரு துளியும் குறையவில்லை.

சிகிச்சை நேரத்தில் இது இன்னும் கவலைக்குரிய விஷயம். ரேடியேஷனும் சில கீமோ மருந்துகளும் புற்றுச் செல்லைக் கொல்வதற்கு, இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் அடக்குகிற ஃப்ரீ ராடிக்கல்களையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. நமக்காக அடிக்கிறவனின் கையை நாமே பிடித்துக்கொண்டால் எப்படி? கீமோ எடுத்த சுமார் 1,100 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இந்த மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் அதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் மறைக்கிற அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "கீரை இல்லாம நான் சாப்பிட்ட நாளே கிடையாதே, எனக்கு ஏன் வந்துச்சு?" யாரோ அவளிடம் "சாப்பாடு சரியில்லாம இருந்திருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வயது, மரபணு, எந்த வயதில் பூப்படைந்தோம், எந்த வயதில் மாதவிடாய் நின்றது, மாதவிடாய் நின்றபின் கூடும் எடை, மது என்று எத்தனையோ சேர்ந்து வருகிற நோய் இது. அதில் பாதி நம் கையிலேயே இல்லை. சிகிச்சை முடிந்த 3,000க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினரைக் காய்கறியும் பழமும் அள்ளி அள்ளிச் சாப்பிட வைத்து, ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 2007இல் வந்த முடிவு: நோய் திரும்புவதில் இரு பாதிக்கும் வித்தியாசமில்லை. இதை அவளிடம் சொன்னேன். "அப்போ என் தப்பு இல்லையா?" என்றாள். இல்லவே இல்லை அக்கா.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டப்பாவையும் எடுத்துப்போனோம். டாக்டர் லேபிளை முழுக்கப் படித்துவிட்டு, சிகிச்சை முடியும்வரை இது வேண்டாம் என்றார். "அப்போ கேரட்டும் சாப்பிடக் கூடாதா டாக்டர்?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

"தாராளமா சாப்பிடுங்கம்மா. கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிக்கோங்க, அப்பதான் அந்தச் சத்து உடம்புல சேரும்."