வந்த தோணியை ஏன் மறந்தோம்?

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து 200 ஆண்டானதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்த 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். நெஞ்சை அசைத்த நடை அது. அதையொட்டி வந்த கட்டுரைகளையும் கவிதைகளையும் தேடித் தேடி வாசித்தேன். காடு இருக்கிறது, வாந்திபேதி இருக்கிறது, வழியில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள், கங்காணி இருக்கிறார். தோணிக்கு மட்டும் ஒரே ஒரு வரி. "தோணியில் வந்து இறங்கினார்கள்." அடுத்த வரியில் காடு தொடங்கிவிடுகிறது.

எந்தத் தோணி? யார் கட்டியது? எந்தக் காற்றில் ஓடியது? ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொன்னால், "மலையில் இருக்கிறவனுக்குப் படகு எதற்கு?" என்று சிரிக்கிறார்கள். நுவரெலியா கிரகரி வாவியில் மிதிக்கிற அன்னப் படகுதான் நமக்குத் தெரிந்த படகு என்றாகிவிட்டது. (அன்னத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் கேட்டால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பவன்தான் நானும்.)

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். மணல் திட்டுகள் நிறைந்தது. பெரிய கப்பல் நினைத்தபடி குறுக்கே போய்விட முடியாது. அங்கே ஓட வேண்டுமானால் நீரில் அதிகம் அமிழாத கலம் வேண்டும். கரைக்கு நெருக்கமாக வரவும் வேண்டும். தோணிகள் அதற்கேற்ற கலங்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கத்திலிருந்து மன்னார்க் கரைக்கு நம் முன்னோரை ஏற்றி வந்தவை அவைதான். சரக்கு ஏற்றிய கலங்களில் மனிதரையும் அடைத்தார்கள். வாடைக் காற்றும் சோளகக் காற்றும் வைத்ததுதான் நேர அட்டவணை. காற்று விழுந்தால் நடுக்கடலில் கிடக்க வேண்டியதுதான். நீராவிக் கப்பல்கள் வரும் வரை பாய்க்கலங்கள்தான் கதி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல்தான்.

அந்தப் பயணத்தின் கொடுமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பாயைப் பிடித்தவனும் தமிழன்தான். தண்டையல் என்று அழைக்கப்பட்ட தோணித் தலைவர்களின் அறிவு சாதாரணமானதா? வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938இல் அது தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இதை யாழ்ப்பாணத்தார் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். அதே நீரிணையின் கலமரபுதான் நம்மையும் சுமந்தது என்று நாம் சொல்வதில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற 'இராமானுஜம்' கப்பலின் பெயர் இன்றும் நம் வீடுகளில் தெரியும். கொண்டுபோன கப்பலுக்குப் பெயர் உண்டு. கொண்டுவந்த தோணிகளில் ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா?

நம் கோப்பியும் படகில் போயிருக்கிறது. 1867இல் கண்டிக்கு ரயில் வருவதற்கு முன் மாட்டு வண்டிகளோடு களனி கங்கையும் சரக்குப் பாதையாக இருந்தது. யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து ஓலைக் கூரை வேய்ந்த, அடி தட்டையான ஆற்றுப் படகுகள் கொழும்புக்கு இறங்கின. இன்று அதே ஆற்றில், கித்துல்கலையில், ரப்பர் மிதவையில் ஏறிக் கூச்சல் போடுகிறோம்.

இனி, படகே இல்லாத நாடு என்று மலையகத்தைச் சொல்பவர்கள் ஒருநாள் காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். 1965இல் அந்த அணை, 1969இல் மவுசாகலை. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போய், வறட்சியில் மட்டும் கோயிலும் பள்ளிவாசலும் தலைகாட்டுகிற கதை எல்லோருக்கும் தெரியும். அதன் மேற்பரப்பில் நடப்பதை யார் கவனிக்கிறோம்? நம் நாட்டுக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் திலாப்பியாவுக்கு வலை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒருபக்கம் மிதவைக் கட்டை பொருத்திய ஒடுங்கிய படகில்தான் போகிறார்கள். சிங்களத்தில் 'ஒருவ' என்று சொல்வார்கள். மரம் போய் ஃபைபர் கிளாஸ் வந்துவிட்டது, உருவம் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தனியாக நின்றால் கவிழ்ந்துவிடும் அளவு ஒடுங்கிய உடல் அது, அதனால் வேகம். கவிழாமல் பார்த்துக்கொள்வது மிதவை. கடலில் பாயோடு ஓடிய ஒருவவில் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே திசை மாற்ற வேண்டுமென்றால் படகைத் திருப்ப மாட்டார்கள். பாயை மறுமுனைக்குக் கொண்டுபோவார்கள். அதுவரை பின்பக்கமாக இருந்தது முன்பக்கமாகிவிடும். காற்று பலத்தால் ஆட்கள் மிதவையை இணைக்கும் கம்புகளின் மேல் நடந்து போய்ப் பாரம் கொடுப்பார்கள். இது ஓர் ஆள் காற்று, இது இரண்டு ஆள் காற்று என்று காற்றையே ஆள் கணக்கில் சொன்னார்கள். எனக்கு இதைவிட அழகான அளவுகோல் தெரியவில்லை.

ஆணி அடிக்கத் தெரியாததால் பழையவர்கள் கயிற்றால் கட்டினார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வரும். அந்த அலையில் ஆணி அடித்த விறைப்பான படகு அடிபட்டுச் சிதறும். தும்புக் கயிற்றால் தைத்த பலகைகள் பழைய பன்பாய் போல வளைந்து கொடுக்கும். இந்தியக் கடற்படை 2025இல் சேர்த்துக்கொண்ட 'கௌண்டின்யா' பாய்க்கப்பலும் அப்படித் தைத்ததுதான். அஜந்தா ஓவியத்தில் இருக்கிற ஒரு கப்பலைப் பார்த்துச் செய்தார்கள். ஓவியத்தில் உருவம் கிடைத்தது. தைப்பதற்குக் கேரளத்துக் கைவினைஞர்களைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

அதேபோலக் கயிற்றால் கட்டும் கேரளத்துக் கெட்டுவள்ளப் படகைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நெல் சுமந்த படகு குளிரூட்டிய அறைகளோடு ஹோட்டலாகிவிட்டது என்று புலம்பலாம். ஆனால் அந்த ஹோட்டல் வராவிட்டால் அதைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை இருந்திருக்குமா? இந்தோனேசியாவின் பினிசிப் பாய்க்கப்பலை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது சேர்த்தது படகை அல்ல, தெற்கு சுலாவெசியில் அதைக் கட்டும் கலையை. அதுதான் சரி. மரம் உளுத்துப்போகும், கட்டத் தெரிந்தவர் இருந்தால் இன்னொன்று வரும்.

நம் வரலாற்றைச் சொல்லும் இடங்களில் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு தோணியின் மாதிரியையும் வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. நீரிணையின் இரு கரைகளிலும் தோணி கட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையாலேயே செய்விக்க வேண்டும். கொழும்பில் பிளாஸ்டிக்கில் செய்து கொண்டுவந்து வைத்தால் நானே முதல் ஆளாகத் திட்டுவேன்.

அதற்கு முன், இதை வாசிக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேளுங்கள்: எந்தத் துறையில் ஏறினார்களாம்? எத்தனை பேராம்? கடலில் என்ன சாப்பிட்டார்களாம்? தோணிக்காரரின் பெயர், ஊர், ஏதாவது காதில் விழுந்திருக்கிறதா? அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். நான் தொகுத்து வைக்கிறேன்.