மேட்டூர் அளவு மட்டும் போதாது
"தகவல் கையில் இருந்தால் முடிவு தானாகச் சரியாகும்" என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காவிரி டெல்டாவில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டு, ஜூன் 12-ல் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கல்லணைக்கு மூன்று நாலு நாளில் வந்துவிடும். ஆனால் எங்களைப் போன்ற கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்கு, எப்போது வரும்? அது வாய்க்கால் தூர்வாரினார்களா, மதகில் தண்ணீரைத் தடுத்துத் திறக்கும் பலகை சரியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எங்கள் பெரியப்பா குறுவை (குறுகிய கால நெல்) போடுவதற்கு முன் வாய்க்கால் கரையோடு நடந்து பார்ப்பார், போர் தண்ணீரை ஒரு வாய் வைத்து உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் நாள் கணக்கு. தண்ணீர் தாமதமாகி ஜூலை முதல் வாரத்தில் விதைத்தால், 110 நாள் நெல் ரகமான ஆடுதுறை 43 அக்டோபர் கடைசியில்தான் அறுவடைக்கு வரும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடும். அந்த மாதிரி வருஷங்களில், அணை நிரம்பியிருந்தாலும், குறுவையை விட்டுவிட்டு, அடுத்து வரும் நீண்ட கால நெல்லான சம்பா ஒரு போகம் மட்டும் என்று முடிவெடுப்பார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "இனி செயலியே எல்லாம் சொல்லிவிடும்" என்று எழுதியிருக்கிறார். மழை முன்னறிவிப்புக்கு நானும் செயலியைத்தான் பார்க்கிறேன், ரொம்பவே உதவுகிறது. ஆனால் எங்கள் மதகில் பலகை உடைந்து கிடப்பது அதற்குத் தெரியாது, போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.