தாவுவதற்கு ஒப்பந்தமும் இடம் கொடுக்கணும்
தொண்ணூறுகளில் அமெரிக்க டிவி மல்யுத்த வீரர்கள் கம்பெனி விட்டு கம்பெனி தாவியதெல்லாம் பணத்துக்காகத்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. பாதிதான் சரி. ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும், இல்லை அதில் ஓட்டை இருக்க வேண்டும். ரிக் ரூட் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) கம்பெனியில் முழு ஒப்பந்தம் இல்லாமல் வேலை பார்த்தவர். 1997 நவம்பர் 17 அன்று, அதன் முன்பே பதிவான 'ரா' டிவி நிகழ்ச்சியில் தாடியோடும், போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூவின் நேரலையான 'நைட்ரோ'வில் வெறும் மீசையோடும் ஒரே இரவில் வந்து நின்றார்!

பெயர் விஷயம் இன்னும் சிக்கல். ரேசர் ரமோன், டீசல் என்ற மேடைப் பெயர்கள் இரண்டும் டபிள்யூடபிள்யூஎஃப்பின் சொத்து. அதனால்தான் 1996இல் டபிள்யூசிடபிள்யூ போனதும் அந்த இருவரும் ஸ்காட் ஹால், கெவின் நாஷ் என்று சொந்தப் பெயரில் இறங்கினார்கள். அப்படியும் டபிள்யூடபிள்யூஎஃப்பிடமிருந்து வழக்கு வந்தது. ஹாலின் பேச்சும் தோரணையும் ரமோனை உரித்து வைத்த மாதிரி இருந்ததே.

சாம்பியன் பெல்ட்டோடு ஆள் போனால் அதைவிட மோசம். 1995 டிசம்பரில் அணி தாவிய மதூசா, டபிள்யூடபிள்யூஎஃப்பின் மகளிர் பட்ட பெல்ட்டை நைட்ரோவில் குப்பைத்தொட்டியில் போட்டார். 1997இல் மாண்ட்ரியலில், டபிள்யூசிடபிள்யூ போகவிருந்த சாம்பியன் பிரெட் ஹார்ட்டை டபிள்யூடபிள்யூஎஃப் ஏமாற்றிப் பட்டத்தைப் பறித்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.