எல்லாரையும் "அல்லேலூயாக்காரர்" பெட்டிக்குள் போடுகிறவர்களுக்கு

திருகோணமலையில் வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரை, பிரிக்க நம்மிடம் மூன்று பெயர் இருக்கிறது: ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), நொன் ஆர்.சி. (அங்கிலிக்கன், மெதடிஸ்த போன்ற மற்றவர்கள்), அல்லேலூயா (பெந்தெகொஸ்து மாதிரி கைதட்டிப் பாடும் சபைகள்). முதல் இரண்டும் பள்ளிக்கூடத்தில் தனித்தனிப் பாடம். மூன்றாவது, தெருவே வைத்த பெயர். கல்யாணப் பேச்சு வரும்வரை இந்தக் கணக்கு ஓடும், அதற்குப் பிறகு சறுக்கும். இன்றைய சபைகளை உண்மையில் பிரிப்பது பாட்டும் கைதட்டலும் அல்ல, ஞானஸ்நானம்.

கைதட்டல் விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்துதான் பெந்தெகொஸ்து அலை உலகெங்கும் பரவியது. 1960இல் அது அமெரிக்க அங்கிலிக்கன் சபைக்குள் வெளிப்படையாகத் தெரிய ஆரம்பித்தது. 1967இல் பிட்ஸ்பர்க்கின் டியூகேன் பல்கலைக்கழகத்தார் சிலரின் தியானத்தின் வழியாகக் கத்தோலிக்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஆவியின் வரமென்று நம்பப்படும் அந்நிய பாஷையில் செபிக்கிறவர் வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்கிறவராகவும் இருக்கலாம். சத்தத்தை வைத்துச் சபையைக் கண்டுபிடிக்க முடியாது.

நொன் ஆர்.சி. என்ற பெட்டியும் ஒன்றல்ல. 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டில், எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் வெள்ளைக்காரரின் முகத்துக்கு நேரே பேசியவர் திருநெல்வேலித் தமிழர் வி. எஸ். அசரியா. அவர் பாடுபட்ட சபை ஒன்றிப்பு 1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) நிறைவேறியது. அவரோ 1945இலேயே காலமாகிவிட்டார். அங்கிலிக்கன், பிரித்தானிய வழி மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் எல்லாம் அங்கே ஒரே சபை. இலங்கையில் அதில் சேர்ந்தது அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபை மட்டும்தான். நம் ஊரில் மெதடிஸ்த திருச்சபை வேறு, 1964 முதல் அதற்குச் சொந்த மாநாடு உண்டு. அங்கிலிக்கன் வேறு, அது கொழும்புப் பேராயரின் கீழ். சென்னையிலிருந்து வரும் சி.எஸ்.ஐ. உறவினருக்கு இந்தப் பிரிவு விளங்காமல் போனால் அது அவர் குற்றமில்லை.

இனி ஞானஸ்நானம். கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்பார், திரும்பக் கொடுக்கமாட்டார். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982 லீமா ஆவணமும் அதையே சொல்கிறது: ஞானஸ்நானம் ஒரே முறைதான். பெந்தெகொஸ்துக்காரரோ விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டவரை மட்டும் தண்ணீரில் முழுக்காட்டுவார்கள். குழந்தையில் தலையில் ஊற்றியது அவர்களுக்கு ஞானஸ்நானமே அல்ல, ஆகவே தாங்கள் கொடுப்பதுதான் முதல் முறை. மெதடிஸ்தப் போதகருக்கோ அது செய்யக்கூடாத இரண்டாம் முறை. இந்தச் சண்டை 1525இல் சூரிச்சில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

பெந்தெகொஸ்துக்குள்ளும் ஒரு வெடிப்பு உண்டு, அதை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. அசெம்பிளிஸ் ஒஃப் கோட் என்ற பெந்தெகொஸ்து சபை 1914இல் அமைந்து இரண்டே வருடத்தில், திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவராய் ஒரே கடவுள் என்பதை) ஏற்காதவர்கள் பிரிந்து போனார்கள். அப்போஸ்தலர் 2:38ஐக் காட்டி இவர்கள் "இயேசுவின் நாமத்தில்" மட்டும் முழுக்குக் கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே பாட்டு. கத்தோலிக்கச் சட்டத்தில் மூவரின் பெயரால் கொடுத்தது செல்லும், இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுத்தது செல்லாது.

கல்யாணத்தில் இது எப்படி இடிக்கிறது என்று பாருங்கள். மாப்பிள்ளை கத்தோலிக்கர், பெண் பெந்தெகொஸ்து சபைக்காரி. அவளுடைய ஞானஸ்நானம் செல்லுமென்றால் ஆயரின் அனுமதி போதும். செல்லாதென்றால் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் கட்டிய தாலி திருச்சபைச் சட்டப்படி திருமணமே ஆகாது. இரண்டிலும் மாப்பிள்ளை தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கவேண்டும். அது பெண்ணுக்கும் தெரிந்திருக்கவேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், சிறிய சபைகள் கொடுக்கும் சான்றிதழில் திகதியும் "உப்புவெளிக் கடல்" என்ற இடமும்தான் இருக்கும், சொன்ன வார்த்தை இருக்காது. பங்குத்தந்தைக்கு முடிவெடுக்க வழியில்லாமல் கடிதம் அங்கும் இங்கும் அலையும், கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் ஒரு பக்கம் அலறும். பாஸ்டரிடம் முன்கூட்டியே மூன்று விசயத்தை எழுதி வாங்குங்கள்: என்ன வார்த்தை சொன்னார், முழுக்கா ஊற்றலா, நேரில் பார்த்தவர் யார். பெண் வீட்டார் இதை அவமானமாக எடுக்கவும் தேவையில்லை. இது விசுவாசப் பரீட்சை இல்லை, வெறும் பதிவு வேலை.

எல்லாப் பெந்தெகொஸ்து சபையும் ஒரே கட்டமைப்பு என்றும் நினைக்கவேண்டாம். 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷனில் ஊழியர்கள் வெள்ளை உடுத்தி, கல்யாணம் கட்டாமல் விசுவாச வீட்டில் கூடி வாழ்வார்கள். நோய்க்கு மருந்தில்லை, செபம் மட்டும். அசெம்பிளிஸ் ஒஃப் கோட்டில் பாஸ்டருக்குக் குடும்பம் உண்டு, மேலே நிர்வாகமும் உண்டு. அண்மைக் காலத்துச் சுயாதீன சபைகளில் பலவற்றுக்கு மேலே யாருமே இல்லை. பாஸ்டர் வெளிநாடு போனால் பதிவேடும் அவரோடு போய்விடும், இருபது வருடம் கழித்துச் சான்றிதழ் கேட்க ஆளிருக்காது. அப்படியான சபையில் முழுக்கு எடுக்கிறவர்கள் அன்றைக்கே இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.