லென்தாலின் நாற்காலி

டிசம்பர் வந்தால் போதும், "கிறிஸ்துமஸைத் தடை செய்த கிராம்வெல்" என்று ஒரு மீம் சுற்ற ஆரம்பித்துவிடும். இங்கிலாந்துப் பாராளுமன்றம் அந்தத் தடையைப் போட்டது 1647-ல். ஆலிவர் கிராம்வெல் அந்நாட்டின் ஆட்சித் தலைவரானது 1653-ல். அவர் வந்தபிறகும் தடை நீங்கவில்லைதான். ஆடம்பரப் பண்டிகைகளை வெறுத்த பியூரிட்டன் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவினர் ஆயிற்றே, நீக்க ஆசையும் இருந்திருக்காது. ஆனால் அவர்மேல் எனக்குள்ள கோபம் பண்டிகையைப் பற்றியது அல்ல.

வில்லியம் லென்தால் என்றொரு சபாநாயகர். 1642 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் சார்லஸ், ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதமேந்திய ஆட்களோடு பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கே வந்துவிட்டார். ஐவரும் முன்பே நழுவிவிட்டார்கள். எங்கே அவர்கள் என்று லென்தாலைக் கேட்டார். இந்தச் சபை சொன்னாலன்றி எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார் லென்தால். அதையும் மண்டியிட்டுக்கொண்டே சொன்னார்! அந்த ஆண்டே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது.

கிராம்வெல் அப்போது கேம்பிரிட்ஜ் உறுப்பினர். வயது 43, போர் அனுபவம் பூஜ்ஜியம். ஆனால் பாராளுமன்றப் படைக்கு ஆள் எடுப்பதில் கெட்டிக்காரர். குலப் பெருமை பேசுபவன் வேண்டாம், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்தவன் போதும் என்றார். மார்ஸ்டன் மூர், நேஸ்பி என்று வெற்றிகள் குவிந்தன. 1649 ஜனவரியில் மன்னரின் தலை போனது.

கோளாறு அந்த வெற்றிகளில்தான் ஆரம்பித்தது என்பேன். ஜெயித்ததெல்லாம் கடவுள் சித்தம் என்று அவர் மனதார நம்பினார். அயர்லாந்தின் ட்ரோஹெடாவில் சரணடைந்தவர்களையும் கொன்று குவித்தபிறகு, அதையும் கடவுளின் நியாயத்தீர்ப்பு என்றே கடிதம் எழுதினார். கடவுளே நம் பக்கம் என்றானபின் எதிர்த்துப் பேசுகிற உறுப்பினரை யார் மதிப்பார்கள்?

1653 ஏப்ரல் 20. கிராம்வெல் சாதாரண உடையில் சபைக்கு வந்து, சற்று நேரம் விவாதத்தைக் கேட்டார். பிறகு எழுந்து வசைமாரி பொழிந்தார். துப்பாக்கி வீரர்கள் உள்ளே வந்தார்கள். சபையின் செங்கோலைக் காட்டி, இந்த விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். சபாநாயகர் நாற்காலியில் அன்றும் லென்தால்தான். இறங்க மறுத்தவரைக் கைபிடித்து இறக்கினார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் மன்னர் தொட்டதும் நாடே கொதித்த அதே சபை!

நல்லதும் செய்தார், மறுக்கவில்லை. 1290-ல் துரத்தப்பட்ட யூதர்கள் மறுபடி வெளிப்படையாக வாழ முடிந்தது அவர் காலத்தில்தான். (நம் ஜார்ஜ் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1657-ல் புதுச் சாசனம் கொடுத்ததும் அவர்தான், அது தனிக்கதை.) ஆனால் தன் ஆட்சியில் கூடிய பாராளுமன்றங்களையும் பொறுக்கமுடியாமல் கலைத்தார். மாவட்டங்களின் மேல் மேஜர் ஜெனரல்களை உட்கார வைத்தார். 1657-ல் கிரீடம் தேடி வந்தபோது வாரக்கணக்கில் யோசித்து, வேண்டாம் என்றார். சரி, பெரிய மனசு என்று நினைத்தால், அந்த ஜூனிலேயே ஊதா அங்கி, செங்கோல் சகிதம், மன்னர்கள் முடிசூடும் அந்தப் பழைய நாற்காலியையே வரவழைத்து அமர்ந்து மறுபடி பதவியேற்றார். கிரீடம் ஒன்றுதான் பாக்கி.

1658 செப்டம்பர் 3 அன்று இறந்தார். அப்புறம் யார்? மகன் ரிச்சர்ட்தான்! ஒன்பது மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1653-ல் விரட்டிய அதே பழைய உறுப்பினர்களை ராணுவமே 1659 மே மாதம் திரும்ப அழைத்தது. சபாநாயகர் நாற்காலியில், முதலில் சாக்குப்போக்கு சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடியும் லென்தாலே வந்து உட்கார்ந்தார்.