முதல் பார்வையை முடிவு செய்ய வீடியோகாரர் யார்?

கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் எந்த நேரத்தில் ஒருவரையொருவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை வீடியோகாரருக்கு யார் கொடுத்தது? முகூர்த்தம் குறிக்கச் சோதிடர் இருக்கிறார், சடங்கு நடத்த ஐயர் இருக்கிறார், பெற்றவர்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் மேலாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இருவர் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டு, முன்பணம் வாங்கிய ஒருவர் வந்து, 'ஃபர்ஸ்ட் லுக் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்' என்று சொல்கிறார். ஒரு மண்டபமே தலையாட்டுகிறது.

இந்த ஆவணியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா மகளுக்குத் திருமணம். முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7.30 வரை. முந்தைய நாள் மாலை வரவேற்பில் இருவரும் ஒரே மேடையில் அருகருகே நின்று, வந்தவர்கள் அத்தனை பேருடனும் படம் எடுத்துக்கொண்டு, கால் வலிக்க வலிக்கச் சிரித்து முடித்து, நள்ளிரவுக்குப் பிறகுதான் படுத்தார்கள். அப்படிப் படுத்த பெண்ணை நான்கு மணிக்கெல்லாம் எழுப்பித் தலைபின்னி, பூ வைத்து, பட்டுடுத்தித் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் காரில் ஏற்றினார்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்து வர வேண்டும், மாப்பிள்ளை கடலைப் பார்த்து நிற்க வேண்டும், பெண் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட வேண்டும், அவர் திரும்பிப் பார்த்து வியக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆவணி மாதத்தில் நம் கரையில் சூரியன் எழுவதே ஆறு மணியை ஒட்டித்தான் என்பதும், அதே ஆறு மணிக்கு மண்டபத்தில் முகூர்த்தம் தொடங்குகிறது என்பதும் அந்தக் குழுவில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அங்கே நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஈர மணலில் கொலுசு புதையப் புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நடந்து வந்து மாப்பிள்ளையின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூக்கமில்லாத அந்த விடியலிலும் அது அழகாக இருந்தது. அடுத்த நொடியே வீடியோகாரர், 'சார், லைட் ஸ்டாண்டு நிழல் விழுந்துவிட்டது, இன்னொரு முறை' என்றார். இரண்டாம் முறை காற்றில் முந்தானை கேமராவை மறைத்ததாம். மூன்றாம் முறை மாப்பிள்ளை திரும்பிய வேகம் சரியில்லையாம். அதற்கடுத்த முறை, 'மேடம், கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் நன்றாக இருக்கும்' என்றார். கல்யாணப் பெண்ணை முகூர்த்த வேளையில் அழச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! உண்மையாக நடந்த பார்வையை நிழலுக்காகத் தூக்கி எறிந்துவிட்டு, நடிப்பு சரியாக வரும்வரை அந்தப் பிள்ளைகளை மணலில் முன்னும் பின்னும் நடக்க விட்டார்கள்.

மேலைநாட்டுத் திருமணங்களில், மணமகள் தேவாலயத்துக்குள் நடந்து வரும்வரை மணமகன் அவளைப் பார்க்கக்கூடாது என்றொரு வழக்கம் உண்டு. அங்கே சடங்குக்கு முன்பே நிதானமாகப் படம் எடுத்து முடிக்கத்தான் இந்த 'ஃபர்ஸ்ட் லுக்' ஏற்பாடு வந்தது. அதில் ஒரு பொருள் இருக்கிறது. புதுச்சேரியில் சம்பா கோயில் எனப்படும் தேவாலயத்தில் நடக்கும் திருமணங்களில் பீடத்தருகே காத்திருக்கும் மாப்பிள்ளை, தந்தையின் கைபிடித்து வரும் பெண்ணைப் பார்க்கும் பார்வைக்கும் பொருள் இருக்கிறது. முந்தைய நாள் இரவே நான்கு மணி நேரம் தோளோடு தோள் நின்றவர்களுக்கு விடியலில் எந்த முதல் பார்வையைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள்?

நமக்கென்று அப்படி ஒரு தருணம் இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடலூர் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரை பிடிப்பார்கள். சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைக்கும் வேளையில்தான் அந்தத் திரை விலகும். எங்கள் வீடுகளில் ஐயர் கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்க, பெண் உள்ளே போய் அதை உடுத்தி, மாலையோடு திரும்பி வருவாள். மணவறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை அப்போது நிமிர்ந்து பார்ப்பார். நாதஸ்வரம் ஒலிக்க, ஊரே பார்த்துக்கொண்டிருக்க நடக்கும் அந்தப் பார்வைக்கு ஈடாக எந்தக் கடற்கரையும் வேண்டாம். அக்கா மகளும் அதைத்தான் விரும்பினாள். மாதக்கணக்கில் என்னிடம் சொல்லிக்கொண்டும் இருந்தாள். அவளிடம் கேட்டிருந்தால்தானே தெரியும்?

கடற்கரையிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் அடுத்த நீதிபதி காத்திருந்தார். மாப்பிள்ளையின் அத்தை, நலங்கு வைத்த பெண் தாலி ஏறும் முன் வாசல் தாண்டலாமா, மாப்பிள்ளை முகத்தில் விழிக்கலாமா என்று என் அக்காவை நிற்கவைத்துக் கேட்டார். 'சம்பந்தியம்மா, உங்கள் பெண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையா?' என்றார். வீடியோகாரரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே போன தன் மருமகனையும் கேட்கவில்லை. தூக்கம் கெட்டு, மணலில் நடந்து, சொன்னதெல்லாம் கேட்ட பெண்ணின் தலையில்தான் குற்றம் வந்து விழுந்தது. பார்த்தே ஆக வேண்டும் என்று ஒருவர் இழுக்க, பார்த்திருக்கவே கூடாது என்று இன்னொருவர் இடிக்க, நடுவில் அவள் கண்கள் நிஜமாகவே கலங்கின. அதைப் படமெடுக்கவும் ஒரு கேமரா ஓடி வந்தது.

பிறகு எல்லாமே அவசரம். 7 மணியைத் தாண்டிய பிறகுதான் கூறையைக் கொடுத்தார்கள். அவள் உடுத்தி வரும்போது மணவறையைச் சுற்றி நான்கு கேமராக்காரர்கள் சுவர் போல நின்றார்கள். மாப்பிள்ளையால் அவளைப் பார்க்க முடியவில்லை; முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டிக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன. கெட்டிமேளம் முழங்கி, தாலியை எடுத்து, முதல் முடிச்சுப் போடும் நேரத்தில், 'இரண்டு பேரும் இங்கே பாருங்கள்' என்று குரல் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வரும் அந்த நொடியில் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் லென்ஸைப் பார்த்தார்கள்.

தை மாதத்தில் அவள் தம்பிக்கு முகூர்த்தம் பார்க்கிறார்கள். கடற்கரை கிடையாது, முகூர்த்த நேரத்தில் மணவறைக்கும் முன்வரிசைக்கும் குறுக்கே ஒரு கேமராகூட நிற்கக் கூடாது, பெண்ணும் பிள்ளையும் எப்போது பார்த்துக்கொள்வது என்பது அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்வது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுப்பேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இம்முறை மாப்பிள்ளை வீடு நாங்கள்தான்; எங்கள் வீட்டு அத்தைமார்களுக்கும் அதில் ஒரு பிரதி போகும்.